பெட்டியைக் கழற்றினால் மட்டும் ஓப்பன் பேஃபிள் ஆகாது: வீட்டு ஸ்டீரியோவில் திறந்த சப்வூஃபர்

பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலிகளுக்கென்றே உள்ள ஸ்பீக்கர் சப்வூஃபர். அதைப் பெட்டியில் அடைக்காமல் திறந்தே வைக்கும் ஓப்பன் பேஃபிள் சப்வூஃபர் பற்றி ஆடியோ ஆர்வலர்கள் நிறையப் பேசுகிறார்கள். ‘அதன் பேஸ் வேகமானது’ என்பார் ஒருவர். ‘பெட்டி இல்லாததால் அறையின் தொல்லையே இருக்காது’ என்பார் இன்னொருவர். ‘பழைய சப்வூஃபரைப் பெட்டியிலிருந்து கழற்றி ஒரு பிளைவுட் பலகையில் மாட்டு, அவ்வளவுதான்’ என்று மூன்றாமவர் வழி சொல்வார். முதல் இரண்டிலும் பாதி உண்மை உண்டு. மூன்றாவதை நம்பி மாட்டியவர்களுக்குப் பெரும்பாலும் ஏமாற்றமே கிடைக்கும். ஸ்பீக்கரின் கூம்பு வடிவக் கோன் கண்ணுக்குத் தெரிய ஆடும், பேஸ் மட்டும் காதுக்கு வந்து சேராது.

பெட்டிக்குள் இருக்கும் சப்வூஃபரும் திறந்திருக்கும் சப்வூஃபரும் காற்றின் மீது வெவ்வேறு வேலைகளைச் செய்கின்றன. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டால் எந்த டிரைவர் வேண்டும், எங்கே வைக்க வேண்டும், சிக்னலைப் பெருக்கித் தரும் ஆம்ப் ஏன் தனியாகத் தேவை என்பதெல்லாம் தானாகவே விளங்கும். இந்தக் கட்டுரை அதை மட்டும் விளக்க முயல்கிறது. கணக்கு கொஞ்சம் வரும், கூட்டல் வகுத்தலைத் தாண்டாது.

## ஒரு டிரைவர், இரண்டு ஒலிகள்

காந்தம், கம்பிச்சுருள், கூம்பு வடிவக் கோன் மூன்றும் சேர்ந்த உறுப்பைத்தான் டிரைவர் என்கிறோம். ஸ்பீக்கர் பெட்டியின் முகத்தில் வட்டமாகத் தெரிவது அதுதான். பாட்டு ஓடும்போது கோன் முன்னும் பின்னும் ஆடுகிறது. விநாடிக்கு எத்தனை முறை ஆடுகிறது என்பதை ஹெர்ட்ஸ் என்ற அலகால் சொல்கிறோம்.

சப்வூஃபருக்கு உரியது பெரும்பாலும் 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள பகுதி. திரைப்பாடல்களில் ஓடும் பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸில் தொடங்குகிறது. 1 கட்டை சுருதியில் பாடும் ஆண் பாடகரின் தம்பூராவில் மந்தர ஸ்தாயி ஸட்ஜம் ஏறக்குறைய 65 ஹெர்ட்ஸ். நாம் வீட்டில் கேட்கும் இசையில் பெரும்பங்கு 40 ஹெர்ட்ஸுக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கோன் முன்னே வரும்போது முன்பக்கக் காற்று நெருங்குகிறது. அதே கணத்தில் கோனின் முதுகுப்பக்கக் காற்று தளர்கிறது. ஆக ஒரே டிரைவர் ஒரே நேரத்தில் இரண்டு ஒலிகளை எழுப்புகிறது. இரண்டும் ஒரே அளவு, ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஓர் அலை ஏறும்போது மற்றொன்று இறங்குவதை எதிர் ஃபேஸ் என்பார்கள். அப்படிப்பட்ட இரண்டு அலைகள் ஒரே இடத்தில் சந்தித்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும்.

வழக்கமான சப்வூஃபரின் பெட்டி முதன்மையாக இதற்காகத்தான் இருக்கிறது. முதுகுப்பக்க ஒலியை உள்ளே பூட்டிவைத்து, முன்பக்க ஒலியோடு சேரவிடாமல் அது தடுக்கிறது. ஓப்பன் பேஃபிள் என்பது அப்படிப் பூட்டாமல், நடுவில் ஒரு பலகையை அல்லது சட்டகத்தை மட்டும் வைத்து, டிரைவரின் இரு முகங்களையும் அறைக்குத் திறந்துவிடுவது. இரு பக்கமும் எதிரெதிராக ஒலிக்கும் இந்த மூலத்துக்கு டைபோல் என்று பெயர்.

## தொட்டித் தண்ணீரும் உள்ளங்கையும்

நிறைந்த தண்ணீர்த் தொட்டியில் உள்ளங்கையைச் செங்குத்தாக இறக்கி, மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். அலை எழாது. கைக்கு முன்னால் தள்ளப்படும் தண்ணீர் விரல் ஓரமாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கப் பள்ளத்தை நிரப்பிவிடும். கை ஆடுகிறது, தொட்டியின் மறுகரைக்கு ஒன்றும் போய்ச் சேர்வதில்லை. இப்போது அதே கையை வெடுக்கென்று வேகமாக அசையுங்கள். தண்ணீருக்குச் சுற்றிவர நேரம் கிடைக்காது, அலை கிளம்பி மறுகரையில் மோதும்.

காற்றிலும் இதுவே நடக்கிறது. அடிக்குரல் போன்ற தாழ்ந்த ஒலிகளுக்குக் கோன் மெதுவாக ஆடுகிறது. முன்பக்கக் காற்று பலகையின் விளிம்பைச் சுற்றிப் பின்பக்கத்துக்கு எளிதாகப் போய்விடுகிறது. மேல்ஒலிகளுக்கு அந்த நேரம் கிடைப்பதில்லை. அதனால்தான் பலகையில் மாட்டிய டிரைவரில் குரல் கேட்கும், வயலின் கேட்கும், பேஸ் மட்டும் காணாமல் போகும்.

அறிவியல் மொழியில் இதை அலைநீளத்தால் சொல்லலாம். ஒலி விநாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர் ஓடுகிறது. இந்த எண்ணை ஹெர்ட்ஸால் வகுத்தால் ஓர் அலையின் நீளம் கிடைக்கும். 40 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 8.6 மீட்டர், அதாவது 28 அடி. டிரைவரின் முன்முகத்திலிருந்து விளிம்பைச் சுற்றிப் பின்முகம் வரை உள்ள வழியோ, சாதாரணச் சட்டகத்தில் 40 சென்டிமீட்டர் அளவுதான். 28 அடி அலைக்கு இந்தத் தூரம் ஒரு தடையே இல்லை.

## எவ்வளவு இழக்கிறோம்?

இந்த இடத்தில் எண்களைப் பார்த்துவிடுவது நல்லது. ‘கொஞ்சம் பேஸ் குறையும்’ என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவதால்தான் பலரும் தவறான பொருளை வாங்குகிறார்கள்.

சுற்றுவழி 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கத்தை முழுவதும் அடைத்த அதே டிரைவரோடு ஒப்பிட்டால், அதே அளவு கோன் அசைவுக்குத் திறந்த டிரைவர் 80 ஹெர்ட்ஸில் 5 டெசிபல் குறைவாக ஒலிக்கும். 40 ஹெர்ட்ஸில் 11 டெசிபல் குறையும். 20 ஹெர்ட்ஸில் 17 டெசிபல். டெசிபல் என்பது ஒலியின் உரப்பை அளக்கும் அலகு. ஸ்தாயி ஒன்று இறங்க இறங்க, அதாவது ஹெர்ட்ஸ் பாதியாகும் ஒவ்வொரு முறையும், ஏறக்குறைய 6 டெசிபல் போய்க்கொண்டே இருக்கிறது.

40 ஹெர்ட்ஸில் போன 11 டெசிபலை மீட்க என்ன வேண்டும்? கோன் மூன்றரை மடங்கு அதிகமாக ஆட வேண்டும். அல்லது ஒரு டிரைவர் இருக்கும் இடத்தில் மூன்று நான்கு டிரைவர்கள் வேண்டும். ஒரே டிரைவரை வைத்துக்கொண்டு ஆம்பை மட்டும் ஏற்றினால் ஏறக்குறைய 12 மடங்கு வாட்ஸ் கேட்கும். 20 ஹெர்ட்ஸுக்கு இதே கணக்கைப் போட்டால் 50 மடங்கு வரும்.

இன்னொரு சுமையும் உண்டு. ஒரே உரப்பில் ஒரு ஸ்தாயி கீழே இறங்க, பெட்டி சப்வூஃபரின் கோன் 4 மடங்கு தூரம் ஆட வேண்டும். திறந்ததின் கோன் 8 மடங்கு ஆட வேண்டும். எந்த டிரைவருக்கும் ஆடும் தூரத்துக்கு எல்லை உண்டு. திறந்த சப்வூஃபர் ஆழத்தில் திணறுவதற்கு இதுவே காரணம்.

இதுவரை பார்த்ததை ஒரு மூச்சில் சொன்னால்: கோனின் இரு பக்க ஒலிகளும் எதிரெதிர், தாழ்ந்த ஒலிகள் விளிம்பைச் சுற்றிவந்து ஒன்றையொன்று அழிக்கின்றன, அந்த இழப்பை ஈடுகட்டப் பெரிய பரப்பும் நீண்ட ஆட்டமும் தேவை.

## பழைய ரேடியோவின் முதுகு

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இன்றைய கோன் ஸ்பீக்கருக்கு முன்னோடியான வடிவத்தை ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் இருவரும் 1925இல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விவரித்தார்கள். டிரைவரைப் பலகையில் பொருத்த வேண்டியதன் காரணமும் அவர்கள் பணியிலேயே இருக்கிறது. நம் தாத்தா வீட்டு வால்வு ரேடியோவின் பின்புறத்தை நினைத்துப் பாருங்கள்: துளையிட்ட அட்டை ஒன்று இருக்கும், அவ்வளவுதான். அதுவும் திறந்த முதுகு ஸ்பீக்கர்தான்.

1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்சர் முற்றிலும் மூடிய சிறிய பெட்டியிலிருந்து ஆழமான பேஸை எடுத்துக் காட்டினார். சின்னப் பெட்டி வீட்டு அலமாரியில் அடங்கும் என்பதால் உலகம் அந்தப் பக்கம் போய்விட்டது. திறந்த பேஸை மீண்டும் முறையான பொறியியலாக எடுத்து நிறுத்தியவர்களில் முதன்மையானவர் ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் ஹியூலெட் பேக்கர்டில் பணியாற்றிய சீக்ஃபிரீட் லிங்க்விட்ஸ். 2018இல் மறைந்தார். தன் ஆய்வுகளையும் கணக்குகளையும் யாரும் படிக்கும்படி வெளியிட்டு வைத்ததால், வீட்டிலேயே இத்தகைய ஸ்பீக்கரைக் கட்டும் பலருக்கு அவர்தான் ஆசிரியர்.

## பிறகு எதற்கு இந்தப் பாடு?

இவ்வளவு இழப்பு இருந்தும் ஏன் சிலர் திறந்த சப்வூஃபரைத் தேடிப் போகிறார்கள்? விடை டிரைவரில் இல்லை, அறையில் இருக்கிறது. எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதியும் இதுதான்.

எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஒரு குறிப்பிட்ட நீள அலை சரியாகப் பொருந்தும்போது அது அங்கேயே முன்னும் பின்னும் மோதி வலுப்பெற்று நிற்கும். இதற்கு ரூம் மோட் என்று பெயர். கணக்கு எளிது. ஒலியின் வேகத்தைச் சுவர்களுக்கு இடையே உள்ள தூரத்தின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். 16 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஹாலை எடுத்துக்கொள்வோம். நீளவாக்கில் முதல் மோட் 35 ஹெர்ட்ஸ், அகலவாக்கில் 47, தரைக்கும் கூரைக்கும் இடையே 56. முதலாவது பேஸ் கிட்டாரின் 41 ஹெர்ட்ஸுக்குச் சற்றுக் கீழேயும், மற்ற இரண்டும் அது நடமாடும் பகுதியிலேயும் விழுகின்றன. ஒரு சுரம் மட்டும் ஊதிப் பெருத்து ‘பூம்’ என்று நிற்பதும், பக்கத்துச் சுரம் காணாமல் போவதும், சோபாவில் ஒரு மாதிரியும் வாசலருகே வேறு மாதிரியும் கேட்பதும் இதனால்தான்.

நம் வீடுகளில் இது கூடுதலாகவே உறைக்கும். மரச்சட்டத்தில் ஜிப்சம் பலகை அடித்த சுவர் பேஸில் கொஞ்சம் நெகிழ்ந்துகொடுத்து ஆற்றலை விழுங்கும். செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் நெகிழ்வதில்லை. வந்த பேஸை அப்படியே திருப்பி அனுப்பிவிடும்.

பெட்டி சப்வூஃபர் செய்வது காற்றை அழுத்தித் தளர்த்துவது. அந்த அழுத்தம் எல்லாத் திசையிலும் ஒரே அளவில் பரவும். மூலையில் வைத்தால் மூன்று மோட்களையும் ஒருசேரத் தட்டி எழுப்பும். டைபோலோ காற்றை ஒரே கோட்டில் தள்ளி இழுக்கிறது. முன்னும் பின்னும் வலுவாக ஒலிக்கிறது. பக்கவாட்டில் இரு ஒலிகளும் சம தூரம் கடந்து வருவதால் முழுதாக அழிந்துவிடுகின்றன. மேலும் கீழும் அப்படியே. மேலிருந்து பார்த்தால் அதன் ஒலிப்பரவல் 8 என்ற எண்ணைப் போல இருக்கும். நல்ல திறந்த சப்வூஃபர் ஓடும்போது அதன் பக்கவாட்டில் போய் நின்றால் பேஸ் மெலிவதை அறைக்குள்ளேயே உணரலாம்.

இப்போது அந்த ஹாலுக்குத் திரும்புவோம். டைபோலை அறையின் நீளவாக்கில், நம்மை நோக்கி நிறுத்துகிறோம். அகலவாக்கில் உள்ள 47 ஹெர்ட்ஸ் மோடும் உயரவாக்கில் உள்ள 56 ஹெர்ட்ஸ் மோடும் அதன் ஊமைப் பக்கத்தில் இருக்கின்றன. அவற்றை அது மிகக் குறைவாகவே எழுப்பும். மிஞ்சுவது 35 ஹெர்ட்ஸ் மட்டும். மூன்று தொல்லைகளில் இரண்டைத் தொடாமலே விடும் வசதி இது. தவிர, நமக்குக் கேட்கும் உரப்பு சமமாக இருக்கும்போது, டைபோல் எல்லாத் திசையிலும் சேர்த்து வெளிவிடும் ஒலியாற்றல் மூன்றில் ஒரு பங்குதான். அறையில் போய்ச் சிதறும் ஒலி அந்த அளவுக்குக் குறைகிறது.

‘அறையின் தொல்லையே இருக்காது’ என்ற கூற்றின் பாதி உண்மை இதுதான். நீளவாக்கு மோட் இருக்கவே செய்யும். இடம் தவறினால் அதுவும் படுத்தும்.

## ‘வேகமான பேஸ்’ என்றால் என்ன?

40 ஹெர்ட்ஸ் எந்தக் கருவியில் வந்தாலும் விநாடிக்கு 40 முறைதான் ஆடும். பேஸில் வேகம் என்று ஒன்று இல்லை. காது ‘வேகம்’ என்று எடுத்துக்கொள்வது, ஒரு சுரம் முடிந்ததும் சட்டென்று அடங்குவதை. ரூம் மோட் எழும்பிய இடத்தில் தந்தியின் அதிர்வு நின்ற பிறகும் அறை ஒலித்துக்கொண்டே இருக்கும், அடுத்த அடி அதன் மேல் விழுந்து குழம்பும். டைபோல் குறைவான மோட்களை எழுப்புவதால் இந்த மிச்ச ஒலி குறைகிறது. பேஸ் கிட்டாரின் ஒவ்வொரு சுண்டலும் தனித்தனியாகத் தெரிகிறது. பலரும் மயங்கிப்போவது இதற்குத்தான், மயங்குவதில் நியாயமும் இருக்கிறது. நல்ல இடத்தில் வைத்து ஒழுங்காகச் சரிசெய்த மூடிய சப்வூஃபரும் இதற்கு நெருக்கமாக வரும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

## எந்த டிரைவர் வேண்டும்?

முதலில் பரப்பு. 12 அங்குல டிரைவரின் கோன் ஏறக்குறைய 500 சதுர சென்டிமீட்டர் காற்றைத் தள்ளுகிறது, 15 அங்குலம் 850 அளவு. இடம், வலம் என்று பக்கத்துக்கு ஒரு 15 அங்குலம் என்பதைத் தொடக்கமாகக் கொள்ளலாம். இரண்டு 12 அங்குலமோ இரண்டு 15 அங்குலமோ இருந்தால் நிம்மதி. லிங்க்விட்ஸின் கடைசிக் காலப் படைப்பான எல்எக்ஸ்521 ஸ்பீக்கரில் பக்கத்துக்கு இரண்டு 10 அங்குல டிரைவர்கள். அவை நெடுந்தூரம் ஆடக்கூடியவை, எலக்ட்ரானிக் திருத்தமும் உண்டு.

அடுத்து, டிரைவரின் விவரத்தாளில் மூன்று எண்களைத் தேடுங்கள். எஃப்எஸ் என்பது டிரைவர் தன் இயல்பில் அதிரும் ஹெர்ட்ஸ். இது 20 முதல் 40க்குள் இருந்தால் நல்லது, அதற்குக் கீழே ஒலி மிக வேகமாகச் சரிந்துவிடும். எக்ஸ்மேக்ஸ் என்பது கோன் ஒரு பக்கமாகத் தெளிவு கெடாமல் ஆடக்கூடிய தூரம். மூன்றாவது க்யூடிஎஸ்: இயல்பு அதிர்வை டிரைவரின் காந்தமும் தொங்கல் அமைப்பும் எவ்வளவு இறுக்கிப் பிடிக்கின்றன என்பதைக் காட்டும் எண். எண் சிறிதானால் பிடி இறுக்கம், பெரிதானால் பிடி தளர்வு.

பெட்டிக்கு என்று செய்த டிரைவர்களில் க்யூடிஎஸ் பெரும்பாலும் 0.3 முதல் 0.5 வரை இருக்கும். மேடைக் கச்சேரிக்கான டிரைவர்கள் இந்த வகைதான், பலவற்றுக்கு ஆட்டமும் குறைவு. அவற்றை அப்படியே பலகையில் மாட்டினால் பேஸ் மெலிந்து கிடக்கும். 0.7க்கு மேல் இருந்தால், பிடி தளர்வாக இருப்பதால் எஃப்எஸ் அருகே ஒலி தானாகவே கொஞ்சம் எழும்பி, சுற்றுவழி இழப்பில் ஒரு பகுதியை ஈடுகட்டும். எமினென்ஸ் ஆல்ஃபா 15ஏ என்ற 15 அங்குல டிரைவர் ஓப்பன் பேஃபிள் கட்டுவோரிடம் பெயர் பெற்றதற்கு இதுவே காரணம்: அதன் க்யூடிஎஸ் 1.26, எஃப்எஸ் 41 ஹெர்ட்ஸ். எக்ஸ்மேக்ஸ் 3.8 மில்லிமீட்டர்தான் என்பதால் ஆழமான பேஸை உரக்க எதிர்பார்க்கக் கூடாது.

எலக்ட்ரானிக் திருத்தம் செய்யத் தயாராக இருந்தால் க்யூடிஎஸ் பற்றிய கவலை பெருமளவு குறையும். அப்போது பரப்பும் ஆட்டமும்தான் முக்கியம். கோனின் அசைவைத் தனிச் சுருளால் உணர்ந்து ஆம்பே உடனுக்குடன் திருத்தும் செர்வோ வகையும் உண்டு. அமெரிக்காவின் ஜிஆர் ரிசர்ச், ரித்மிக் ஆடியோ இணைப்பில் வரும் 12 அங்குல டிரைவர்கள் இந்த வகை.

## சட்டகம்

வெறும் பலகையில் சுற்றுவழியை நீட்ட வேண்டுமானால் பலகை கதவளவு அகலமாக வேண்டும். அதனால் ஓரங்களை மடித்துவிடுகிறார்கள். டிரைவரை நடுவில் நிறுத்தி, முன்னும் பின்னும் திறந்த குட்டையான சுரங்கம்போல் நான்கு பக்கமும் பலகை வைத்தால் அது ஹெச் ஃபிரேம். மேலிருந்து பார்த்தால் அந்த எழுத்தின் வடிவம் தெரியும். டிரைவரை முன்முகத்திலேயே வைத்து முதுகை மட்டும் திறந்துவிட்டால் யூ ஃபிரேம். முதல் முறை செய்பவருக்கு ஹெச் ஃபிரேமைத்தான் சொல்வேன். முன்னும் பின்னும் ஒத்திருப்பதால் நடத்தையை ஊகிப்பது எளிது.

சுரங்கம் ஆழமாக ஆக பேஸ் கூடும். ஆனால் சில நூறு ஹெர்ட்ஸில் அது குழல்போல ஊதத் தொடங்கும். மொத்த ஆழம் 35 முதல் 45 சென்டிமீட்டர் வரை வைத்து, 100 ஹெர்ட்ஸ் அருகிலேயே சப்வூஃபரை நிறுத்திவிட்டால் அந்த ஊதல் எழாது. 18 மில்லிமீட்டருக்குக் குறையாத பிளைவுட், குறுக்குச் சட்டங்கள், அகலமான கனத்த அடிப்பாகம் வேண்டும். கோன் தள்ளும்போது சட்டகம் எதிர்ப்பக்கம் உதைபடுகிறது, இலகுவாக இருந்தால் முழுதும் ஆடும்.

## ஸ்டீரியோவோடு சேர்ப்பது

உங்கள் ஆம்பின் பின்புறத்தில் சப் அவுட் அல்லது பிரீ அவுட் துளை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அங்கிருந்து சிக்னலை எடுக்கலாம். இல்லையென்றால், ஸ்பீக்கர் ஒயர்களிலிருந்தே சிக்னல் வாங்கும் ஹை லெவல் உள்ளீடு கொண்ட சப்வூஃபர் ஆம்பை வாங்க வேண்டும். இருக்கும் ஸ்டீரியோ ஆம்பிலேயே திறந்த சப்வூஃபரையும் சேர்த்துக் கட்டிவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். அதற்குத் தனி ஆம்பும் தனித் திருத்தமும் கட்டாயம்.

திருத்தம் செய்ய டிஎஸ்பி என்ற சின்னக் கருவி உதவும். சிக்னலை எண்களாக மாற்றி, வேண்டிய இடத்தில் கூட்டிக் குறைத்துத் திரும்பக் கொடுப்பது அது. மினிடிஎஸ்பி நிறுவனத்தின் கருவிகள் பரவலாகப் பயன்படுகின்றன. அதில் மூன்று வேலைகள் செய்ய வேண்டும். முதலாவது, சப்வூஃபரை 80 முதல் 120 ஹெர்ட்ஸுக்குள் ஓரிடத்தில் மேலே போகாமல் நிறுத்துவது. இந்தப் பிரிப்பு எல்லைக்கு கிராஸ்ஓவர் என்று பெயர். இரண்டாவது, முன்பு சொன்ன ஸ்தாயிக்கு 6 டெசிபல் இழப்பைக் கீழ்நோக்கிப் படிப்படியாக உயர்த்தி நிரப்புவது. மூன்றாவது, 25 அல்லது 30 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் வெட்டுவது. இந்த மூன்றாவதை விட்டுவிட்டு இரண்டாவதை மட்டும் செய்தால், காதுக்கே எட்டாத தாழ்ந்த அதிர்வில் கோன் எல்லை மீறி ஆடி டிரைவர் சேதமாகும். இங்கே சிக்கனம் கூடாது.

முடிந்தால் பிரதான ஸ்பீக்கர்களுக்குப் போகும் சிக்னலிலும் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுங்கள். சின்ன வூஃபர்களின் பாரம் குறையும், நடுக்குரல் தெளியும். இந்த ஒரு மாற்றத்துக்கே சிலர் அசந்துபோவார்கள்.

## எங்கே வைப்பது, எப்படிச் சரிசெய்வது

பெட்டி சப்வூஃபரைச் சுவரோரம் தள்ளினால் பேஸ் கூடும். அந்தப் பழக்கத்தில் திறந்ததையும் சுவரோரம் தள்ளுவதுதான் நான் மிகுதியாகப் பார்க்கும் தவறு. சுவரை ஒட்டிய காற்றால் சுவர் நோக்கி நகர முடியாது, அங்கே அழுத்தம் மட்டுமே ஏறி இறங்கும். காற்றைத் தள்ளி வேலை செய்யும் டைபோலுக்கு அது செத்த இடம். நம் 16 அடி ஹாலில் 35 ஹெர்ட்ஸ் மோடுக்கு, சுவரிலிருந்து 1 அடியில் வைத்த டைபோலின் பிடி அறை நடுவில் இருப்பதில் ஐந்தில் ஒரு பங்குதான். 4 அடியில் வைத்தால் பத்தில் ஏழு பங்கு. பின்சுவரிலிருந்து குறைந்தது 3 அடி, இயன்றால் 4 அடி விடுங்கள். பக்கச் சுவருக்கு அருகில் இருப்பது அவ்வளவு கெடுதல் இல்லை, அது ஊமைப் பக்கம்தானே.

அடுத்து ஃபேஸ். கிராஸ்ஓவர் ஹெர்ட்ஸில் ஓர் ஒற்றை ஒலியை ஓடவிட்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் அளவிடுங்கள். சப்வூஃபரின் ஒயர்களை வேண்டுமென்றே தலைகீழாக மாற்றுங்கள். பிறகு டிஎஸ்பியில் கால தாமதத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒலி எங்கே மிகவும் குறைகிறதோ அங்கே நிறுத்துங்கள். இப்போது ஒயர்களை நேராக்கினால், சப்வூஃபரும் ஸ்பீக்கரும் சரியாகச் சேர்ந்திருக்கும். கூடுவதைவிடக் குறைவதைக் கண்டுபிடிப்பது காதுக்கு எளிது. டைபோலில் ஒரு வேடிக்கை: சட்டகத்தையே அரைச்சுற்றுத் திருப்பி வைப்பதும் ஒயரை மாற்றுவதும் ஒன்றுதான்.

ரூம் ஈக்யூ விஸார்ட் என்ற இலவச மென்பொருளும் அளவு பார்க்கும் யுஎஸ்பி மைக்கும் இருந்தால் ஊகம் தேவையில்லை. வரைபடத்தில் மேடு தெரிந்தால் டிஎஸ்பியில் குறையுங்கள். ஆழமான பள்ளம் தெரிந்தால் அதை நிரப்ப முயல வேண்டாம். அது அறை செய்த அழிப்பு, எவ்வளவு கூட்டினாலும் அதுவும் கூடவே அழியும். சப்வூஃபரையோ நாற்காலியையோ நகர்த்துவதுதான் வழி.

## யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

சுவரிலிருந்து 3 அடி விட இடமில்லாத அறைக்கு இது வேண்டாம். படங்களின் குண்டுவெடிப்பு மார்பில் மோத வேண்டும் என்பவருக்கும் வேண்டாம். மூடிய அறையில் முதல் மோடுக்குக் கீழே பெட்டி சப்வூஃபர் அறைக்காற்று முழுவதையும் சேர்த்து அழுத்துவதால் அதற்கு இனாமாகக் கொஞ்சம் பேஸ் கிடைக்கும். டைபோலில் ஒரு பக்கம் அழுத்துவதை மறுபக்கம் தளர்த்திவிடுகிறது. அதனால் அந்த இனாம் அதற்கு இல்லை.

இசைக்காகவே ஓர் அறையும், ஸ்பீக்கரைத் தள்ளி நிறுத்த மனமும் இருப்பவருக்கு என் பரிந்துரை திறந்த சப்வூஃபர்தான். தம்பூராவின் 65 ஹெர்ட்ஸும் பேஸ் கிட்டாரின் 41 ஹெர்ட்ஸும் அதன் வசதியான எல்லைக்குள் வருகின்றன. அங்கே அது தரும் தெளிவு, செங்கல் சுவர் அறையில் வேறு வழியில் எளிதாகக் கிடைப்பதில்லை.

இரண்டும் வேண்டுமென்றால் இரண்டையும் சேர்க்கலாம், அதில் குற்றமொன்றும் இல்லை. டைபோல் பேஸுக்காகவே அறியப்பட்ட லிங்க்விட்ஸ்கூட, மிகத் தாழ்ந்த ஒலிக்கு தோர் என்ற மூடிய பெட்டி சப்வூஃபரை வடிவமைத்துத் தன் திறந்த ஸ்பீக்கர்களோடு சேர்த்தார். அதே முறையில், 16 அடி ஹாலில் டைபோலை 40 ஹெர்ட்ஸ் வரை இறக்கி, அதற்குக் கீழே ஒரு மூடிய சப்வூஃபரைச் சுவரோரம் வைத்து மெல்லிய அளவில் சேர்த்தால், டைபோலின் கோன்கள் ஆழத்துக்காக ஆடவேண்டிய தூரம் பெருமளவு குறையும். கீழே வெட்டும் எல்லையை 25இலிருந்து 40 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தியதும், பக்கத்துக்கு நான்கு டிரைவர்கள் தேவைப்பட்ட இடத்தில் இரண்டே போதுமானதாகிவிடும்.